சூட்டைச் சொல்லும் ஒளி

(தேர்வாய் கண்டிகையில் ஆலைத் தொழிலாளர்களும் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சூடு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தர எனக்குத் தகுதி இல்லை. மே மாதத்தில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டியது என்று செய்தியில் வாசிக்கும்போது சென்னையில் இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில் தகரக் கூரைக்குக் கீழே பர்னஸ் பக்கத்தில் நிற்பவருக்கு அது சேதியே இல்லை.

இந்த ஊரைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். ஒரு பக்கம் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள்; கொள்ளளவு அரை டி.எம்.சி. 1944-இல் பூண்டி ஏரி வந்த பிறகு சென்னையின் குடிநீருக்கென்று புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் இதுதான். இன்னொரு பக்கம் சிப்காட். மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊர் மக்கள் போராடிய கதை இங்கே இருக்கும் பலருக்கு நேரடியாகத் தெரியும். அதை விழுங்கிவிட்டு இந்தத் தொழிற்பேட்டையைப் பற்றிப் பேசுவது சரியில்லை. 2009-இல் ஒப்பந்தம் போட்டு மிஷலின் டயர் ஆலை வந்தது. 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள், டயருக்குக் கரி செய்து கொடுக்கும் பிர்லா கார்பன் ஆலை. இத்தனை இடத்திலும் நாளெல்லாம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: இப்போ எவ்வளவு சூடு?

அந்தக் கேள்விக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கொண்டு பதில் சொல்லும் பொருள்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

உடனே உருக்காலைத் தோழர் ஒருவர் கேட்பார்: "நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வது எங்கள் பரம்பரைத் தொழில், இதில் புதிதாக என்ன?" நியாயமான கேள்வி. இரும்பு சுமார் 525 டிகிரியில் இருட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மங்கலாகச் சிவக்கும். இரும்பு மட்டுமல்ல, எந்தத் திடப்பொருளும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் ஒளிவிடத் தொடங்கும் என்று 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் எழுதிவைத்தார். மேலே போகப் போக ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. தேர்ந்த மேஸ்திரி உருக்கின் நிறத்தைப் பார்த்தே ஊற்றலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று சொல்லிவிடுவார். பிறகுதான் தெர்மோகப்பிள் முனையை முக்கி 1,600-ஐத் தாண்டியதா என்று சரிபார்ப்பார்கள். ஆனால் அந்த ஒளி சூட்டின் ஒளி. பொருளே கனன்று தருவது. 525 டிகிரிக்குக் கீழே அது நம் கண்ணுக்கு எதுவும் சொல்லாது. டிரான்ஸ்பார்மர் எரிந்துபோவதும், பேரிங் பிடித்துக்கொள்வதும், டயர் கெடுவதும் அதற்கு வெகு கீழேதான்.

நான் சொல்ல வந்தது குளிர்ந்த ஒளி. கனலாமல் ஒளிரும் பொருள்கள். அந்த விளக்குகளைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்கள்.

இதோ என் கையில் இருப்பது எல்லா ஆலையிலும் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் பச்சை நிற 'எக்சிட்' பலகையின் ஒரு துண்டு. கரண்ட் போனாலும் ஒளிரும் என்பதற்காக வைக்கிறார்கள். பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருள். அதில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் துளித்துளி கலந்திருக்கும். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்தது. இத்தனை நேரம் டியூப்லைட் வெளிச்சத்தைக் குடித்திருக்கிறது. இரண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒரு துண்டை இந்த வெந்நீர் டம்ளரின் வெளிப்பக்கம் ஒட்ட வைக்கிறேன், மற்றொன்றை ஐஸ் தண்ணீர் டம்ளரில். பாருங்கள்: வெந்நீரில் இருப்பது சட்டென்று பிரகாசமாகிறது, ஐஸில் இருப்பது மங்குகிறது. முன் வரிசையில் இருக்கும் தம்பி, நீ சொல்லு, எது சீக்கிரம் அணையும்? ஆமாம், பிரகாசமாக எரிவதுதான் முதலில் தீரும். உள்ளே சிக்கியிருக்கும் எலக்ட்ரான்களைச் சூடு உலுக்கி வெளியே தள்ளுகிறது. சேமிப்பு வேகமாகச் செலவாகிறது. ஐஸில் இருப்பது சேமிப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி ஒளிரும்.

1663-இல் ராபர்ட் பாயில் ஒரு வைரத்தைப் படுக்கையில் தன் உடம்போடு ஒட்டி வைத்துச் சூடேற்றி, இருட்டில் அது மினுங்குவதைப் பார்த்துக் குறித்து வைத்தார். நாம் இப்போது பார்த்ததும் அந்த வகைதான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இதே சங்கதியை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. அதில் இருக்கும் கால்சியம் சல்பேட் வில்லையைக் கணக்காகச் சூடேற்றி, எவ்வளவு ஒளி வருகிறது என்பதிலிருந்து அவர் மேல் எவ்வளவு கதிர்வீச்சு விழுந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

விளக்கைப் போடலாம்.

இப்படிச் சேமித்து வைக்காமல், வெளிச்சம் விழுந்த மாத்திரத்தில் திருப்பித் தருகிற ஒளிர்பொருள்கள் நம் வீட்டில் நிறைய உண்டு. டியூப்லைட்டுக்குள் பாதரச ஆவி தருவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கண்ணாடிக் குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடிதான் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சமாக மாற்றுகிறது. நல்ல ரகக் குழாய்களில் சிவப்பு யூரோப்பியத்தால் வருகிறது, பச்சை டெர்பியத்தால். ரூபாய் நோட்டை வங்கிக் காசாளர் நீல விளக்கின் கீழ் காட்டுவதும் இதற்காகத்தான். அந்த விளக்கில் மட்டும் கண்விழிக்கும் மை அதில் இருக்கிறது.

இந்தப் பொடிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு ஏறினால் ஒளி குறையும். பொருளின் அணுக்கள் அதிர அதிர, ஒளியாக வர வேண்டிய ஆற்றல் அதிர்வாகவே வழியில் கரைந்துபோகிறது. விளக்கு செய்பவர்களுக்கு இது தலைவலி. ஆனால் எந்தக் குறை சூட்டோடு ஒழுங்காகக் கூடிக் குறைகிறதோ, அது தெர்மாமீட்டர் ஆகிவிடும். 1937-இல் நியூபெர்ட் என்பவர் இதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார்: சூடான பொருளின் மேல் ஒளிர்பொடியைப் பூசு, புற ஊதா விளக்கைக் காட்டு, எங்கே மங்குகிறதோ அங்கே சூடு அதிகம். 1953-இல் பிராட்லி என்ற ஆய்வாளர் ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று அடிக்கும் சுரங்கத்தில் ஒரு தகட்டை வைத்து, அதன் மேற்பரப்பின் சூட்டை இப்படி அளந்து வெளியிட்டார்.

ஆனால் மங்குவதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். விளக்கு தள்ளிப்போனாலும் மங்கும். பொடி உதிர்ந்தாலும் மங்கும். மேலே எண்ணெய்த் தூசி படிந்தாலும் மங்கும், நம்ம ஷெட்டில் படியாத தூசியா? இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி நேரத்தை அளப்பது. ஒரு நொடிப்பொழுது ஒளிக்கீற்றை விட்டு நிறுத்திவிட்டு, ஒளிர்பொருள் எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பார்ப்பது. மாணிக்கக் கல் சாதாரணச் சூட்டில் ஏறக்குறைய 3 முதல் 4 மில்லி நொடி மினுங்கும். சூடு ஏற ஏற அந்த நேரம் சுருங்கும். தூசி படிந்தால் ஒளி குறையுமே தவிர, அணையும் வேகம் மாறாது.

இரண்டாவது வழி நிறம். ஒரே பொருளுக்குள் இரண்டு நிறம் தரும் இரண்டு தனிமங்களை வைத்துவிடுவது. சூட்டுக்கு ஒன்று அசையாமல் நிற்க வேண்டும், மற்றது ஓட வேண்டும். அல்லது இரண்டும் எதிரெதிராக ஓட வேண்டும். அளப்பது இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மட்டும். கடைத் தராசு மாதிரிதான் இது: கடை வாசலில் வைத்தாலும் உள்ளே வைத்தாலும் இரண்டு தட்டும் ஒன்றையொன்று பார்த்துத்தான் எடை சொல்லும். விளக்கு மங்கினால் இரண்டு நிறமும் சேர்ந்து மங்கும், விகிதம் அப்படியே இருக்கும்.

2012-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்து காட்டினார்கள். டெர்பியமும், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான யூரோப்பியமும் சேர்ந்த படிகம். கடுங்குளிரில் டெர்பியம் பச்சையாக ஒளிர்கிறது. சூடு ஏற ஏற டெர்பியம் தன் ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் யூரோப்பியத்துக்குக் கொடுக்க, அது சிவப்பாக ஒளிர்கிறது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிறது, கண்ணாலேயே பார்க்கலாம். அழகுதான். ஆனால் அவர்கள் அளந்தது மைனஸ் 223 டிகிரியிலிருந்து மைனஸ் 73 டிகிரி வரை. தேர்வாய் கண்டிகை மதிய வெயிலுக்கு இது எட்டாது. பத்திரிகையில் 'நிறம் மாறும் அதிசயத் தெர்மாமீட்டர்' என்று தலைப்பு வந்தால், எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி வரை என்று முதலில் பாருங்கள். பல அதிசயங்கள் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நம் சூட்டில் நன்றாக வேலை செய்வது எர்பியம். அதோடு இட்டெர்பியத்தைச் சேர்த்து 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய்ப் பச்சை ஒளி வெளியே வருகிறது. உற்றுப் பார்த்தால் அது ஒரு பச்சை இல்லை, இரண்டு: 525 நானோமீட்டர் பக்கம் ஒன்று, 545 பக்கம் ஒன்று. முதல் பச்சை வருவது சற்று உயரமான ஆற்றல் படியிலிருந்து. சூடு ஏறினால் அந்த மேல் படியில் நிற்பவர்கள் கூடுகிறார்கள், முதல் பச்சை பலமாகிறது. எத்தனை டிகிரிக்கு எவ்வளவு என்பது போல்ட்ஸ்மான் எழுதிவைத்த விதிப்படி நடக்கும். கண் இந்த வேற்றுமையைக் கண்டுபிடிக்காது. ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி வேண்டும். மாணவர்கள் யாராவது மொபைல் கேமராவில் முயன்று பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நிறுத்திவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் போன் தானாகவே நிறத்தைத் 'திருத்தி', நீங்கள் அளக்க வந்ததையே துடைத்துவிடும்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு, கையில் அகச்சிவப்புத் துப்பாக்கி இருக்கிறதே என்பீர்கள். கொரோனா காலத்தில் எல்லார் நெற்றியிலும் வைத்த அதே துப்பாக்கி. அதைப் பளபளக்கும் அலுமினியத் தகட்டின் மேல் காட்டிப் பாருங்கள். கை வைத்தால் பொசுங்கும் தகட்டை 'நாற்பது' என்று சாதிக்கும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாகவே கதிர்வீசுகிறது. துப்பாக்கி பார்ப்பது பெரும்பாலும் அதில் பிரதிபலிக்கும் நம் ஷெட்டைத்தான். மெயின்டனன்ஸில் அனுபவப்பட்டவர்கள் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி அதன் மேல் காட்டுவார்கள். நல்ல யுக்தி. ஆனால் ஓடுகிற தகட்டில் டேப் ஒட்ட முடியுமா?

இந்தச் சிக்கல் துத்தநாகம் பூசும் எஃகு ஆலைகளில் பெரிதாக வந்தது. தகடு உருகிய துத்தநாகத்தில் மூழ்கி எழுந்து, மறுபடி சூடேறி, துத்தநாகமும் இரும்பும் கலந்த பூச்சாக மாற வேண்டும். மாறும் அந்தக் கணத்தில் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். சூடு எவ்வளவு என்று தெரிய வேண்டிய இடமும், துப்பாக்கி ஏமாறும் இடமும் ஒன்றுதான். 1990-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தார் எஃகுத் தொழிலோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஓடும் தகட்டின் மேல் துளி ஒளிர்பொடியை ஊதிப் படியவைத்து, சற்று தள்ளி லேசர் கீற்றால் அதை ஒளிரவைத்து, அணையும் நேரத்தைப் பிடித்தார்கள். கம்பி இல்லை, தொடுதல் இல்லை, பளபளப்பைப் பற்றிக் கவலை இல்லை.

இனி நம் ஊர் 400 கிலோவோல்ட் நிலையத்துக்கு வருகிறேன். அங்கே மட்டுமல்ல, ஒவ்வொரு பெரிய ஆலையின் பின்கட்டிலும் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. எலக்ட்ரீஷியன்கள் கை தூக்குங்கள். டேங்க் பக்கத்தில் இரண்டு டயல் இருக்கும், ஓ.டி.ஐ., டபிள்யூ.டி.ஐ. முதலாவது எண்ணெயின் சூடு, இரண்டாவது வைண்டிங்கின் சூடு என்று பெயர் எழுதியிருக்கும். டபிள்யூ.டி.ஐ. வைண்டிங்கைத் தொடுகிறதா? தொடவில்லை. உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் செம்புச் சுற்றுக்குள் உலோகக் கம்பியுள்ள தெர்மாமீட்டரைச் செருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மேல் எண்ணெயில் இருக்கும் குமிழைச் சுற்றி ஒரு குட்டி ஹீட்டர் வைத்து, லோடுக்கு ஏற்ற கரண்ட்டை ஒரு கரண்ட் டிரான்ஸ்பார்மர் (சி.டி.) வழியாக அதில் விட்டு, 'இவ்வளவு லோடு என்றால் வைண்டிங் எண்ணெயைவிட இவ்வளவு கூடச் சூடாக இருக்கும்' என்று நடிக்க வைக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக ஓரளவு நம்பகமாக ஓடும் ஏற்பாடுதான். ஆனாலும் அது கணக்கு, அளவு இல்லை. உள்ளே எண்ணெய் ஓடும் வழி ஒன்று அடைபட்டு ஒரு மூலை மட்டும் கொதித்தால், வெளியே இருக்கும் முள் நகராது.

அந்த மூலை ஏன் முக்கியம்? செம்பைச் சுற்றியிருப்பது காகிதம். சாதாரண கிராப்ட் காகிதத்துக்குச் சர்வதேச வழிகாட்டி நெறி சொல்லும் கணக்கு இது: மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருந்தால் காகிதம் தன் இயல்பான வேகத்தில் மூப்படையும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பின் வேகம் இரட்டிக்கும். 104-இல் 2 மடங்கு, 110-இல் 4 மடங்கு, 116-இல் 8 மடங்கு. மே மாத மதியத்தில் முழு லோடில் ஓடும் டிரான்ஸ்பார்மரில் ஒரு மூலை 116-க்குப் போனால், அங்கே ஒரு மணி நேரம் ஓடுவது 8 மணி நேர ஆயுளைத் தின்கிறது. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். பொசுங்கிய காகிதத்தை வைண்டிங்கை அவிழ்க்காமல் மாற்ற முடியாது.

இங்கேதான் ஒளிர்பொருள் தன் இடத்தைப் பிடித்தது. தலைமுடி மொத்தமுள்ள கண்ணாடி இழையின் நுனியில் துளி ஒளிர்பொருளை ஒட்டி, அதை வைண்டிங்குக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது, காந்தப்புலம் அதைக் குழப்பாது. வெளியிலிருந்து ஒளிக்கீற்று போகிறது, நுனி மினுங்குகிறது, அணையும் நேரம் திரும்பி வருகிறது. 1970-களின் கடைசியில் கலிபோர்னியாவின் லக்ஸ்ட்ரான் நிறுவனம் இப்படிப்பட்ட கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் யூரோப்பியம் கலந்த பொடியின் இரண்டு நிறங்களின் விகிதத்தை அளந்தார்கள். பிறகு மாங்கனீசு கலந்த மெக்னீசியம் புளூரோஜெர்மனேட்டுக்கு மாறி, அணையும் நேரத்தை அளந்தார்கள். அந்தப் பொடி ஒரு காலத்தில் பாதரசத் தெருவிளக்கின் வெளிறிய நீலத்துக்குக் கொஞ்சம் சிவப்பு சேர்ப்பதற்காகக் குமிழுக்குள் பூசப்பட்டது! அதே வேலைக்கு இன்று இன்னொரு வகையும் போட்டியில் இருக்கிறது. இழையின் நுனியில் ஒளிர்பொருளுக்குப் பதில் கேலியம் ஆர்சனைடு சில்லு. அது ஒளிர வேண்டாம். தன் மேல் விழும் வெள்ளை ஒளியில் குறிப்பிட்ட நிறம் வரை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. சூடு ஒரு டிகிரி கூடினால் அந்த எல்லை ஏறக்குறைய 0.4 நானோமீட்டர் நகரும். எது மேல் என்று கேட்டால், டிரான்ஸ்பார்மருக்கு இரண்டும் போதும் என்பேன்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலரைச் சொல்லாமல் போக முடியாது. 1923-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் கே.ஆர். ராமநாதன் திரவங்களில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான கூறைப் பார்த்தார். ஏதோ அசுத்தத்தால் வரும் பலவீனமான ஒளிர்வு என்று நினைத்தார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது போகவில்லை. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமனும் விடாமல் துரத்தி, 1928 பிப்ரவரி 28-இல் அது ஒளிர்வே இல்லை, புதிய விளைவு என்று உறுதி செய்தார்கள். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது. சிதறி வரும் அந்த ஒளியில் ஒரு பங்கு, போன ஆற்றலைவிடக் கூடுதல் ஆற்றலோடு திரும்பும். பொருளின் சூட்டிலிருந்து அது கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. எனவே சூடு ஏறினால் அந்தப் பங்கு கூடும். 1980-களில் இங்கிலாந்தில் இதை வைத்து ஒரு கண்ணாடி இழையையே பல கிலோமீட்டர் நீளத் தெர்மாமீட்டர் ஆக்கினார்கள். தரைக்கடியில் போகும் மின்கேபிளின் பக்கத்தில் இழையைப் போட்டால், எத்தனையாவது மீட்டரில் சூடு ஏறுகிறது என்று தெரியும். ராமன் விளைவு என்று பிப்ரவரி 28-இல் பள்ளிக்கூடத்தில் கோலம் போடுகிறோம். அது கேபிளைக் காப்பாற்றும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

இனி, எங்கே உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டயர் ஆலைத் தோழர்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ரப்பரும் கந்தகமும் சூட்டில் பிணைவதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். இன்றும் க்யூரிங் பிரஸ்ஸில் 140 முதல் 180 டிகிரி வரை வைத்து நடப்பது அதுதான். லாரி டயர் கனமானது, ரப்பர் சூட்டை மெதுவாகக் கடத்தும். வெளித்தோல் வெந்த பிறகும் தோள்பட்டைப் பகுதியின் உள்ளே வேகாமல் இருக்கலாம். உள்ளே என்ன சூடு என்று அறிய, வேகாத டயரின் அடுக்குகளுக்கு நடுவே தெர்மோகப்பிள் கம்பிகளை வைத்து வேகவைத்துப் பார்ப்பார்கள்; அந்த டயர் சோதனையோடு போயிற்று. ஒளிர்பொடியை ரப்பரில் கலந்துவிட்டால் என்ன? கலக்கலாம், ஆனால் பார்க்க முடியாது. டயரில் இருப்பது கார்பன் பிளாக். ஒளி ஒரு முடி அளவுகூட உள்ளே போகாது. கும்மிடிப்பூண்டிக் கரி முன்னால் யூரோப்பியத்தின் ஜம்பம் பலிக்காது. மேற்பரப்பின் சூடு வேண்டுமென்றால் சரி, உள்ளுக்குள் வேண்டுமென்றால் கம்பிதான்.

அதேபோல, பத்து ரூபாய் வேலைக்கு ஆயிரம் ரூபாய் ஒளி வேண்டாம். வெல்டிங்குக்கு முன் தகடு போதுமான சூட்டில் இருக்கிறதா என்று பார்க்க டெம்பில் ஸ்டிக் இருக்கிறது. கோடு இழுத்தால் உருக வேண்டிய சூட்டில் உருகும். மோட்டார் பேரிங் மேல் ஒட்டும் லேபிள், குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் கறுத்துவிடும், பிறகு வெளுக்காது. இவை ஒளிர்வதில்லை. ஆனால் ஒளிர்பொருளுக்கு இல்லாத ஒரு குணம் இவற்றுக்கு உண்டு, ஞாபகம். இரவு 2 மணிக்குச் சூடேறி, காலையில் ஆறிப்போன பேரிங்கைக் காலை ஷிப்ட்காரருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் கறுத்த கட்டம்தான். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்குமே, 1996-இலிருந்து உலகெங்கும் வந்தது, அதுவும் இந்தச் சாதி. மருந்து வழியில் பட்ட சூட்டையெல்லாம் கூட்டிக்கூட்டிச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை எறிய வேண்டும். கிராமச் செவிலியர் கையில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நாணயமான வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

யூரோப்பியம், டெர்பியம், எர்பியம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், இவையெல்லாம் எங்கே கிடைக்கின்றன? அருமண் தனிமங்களின் தாது நம் கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்று அதைத் தேடியது அருமண்ணுக்காக அல்ல. அதோடு இருக்கும் தோரியத்துக்காக, காஸ் விளக்கின் மேன்டிலுக்காக. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கியது. நம் மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் மலிவு, ஒளிர்பொருளுக்கு வேண்டிய யூரோப்பியமும் டெர்பியமும் சொற்பம். அவற்றைப் பிரித்தெடுக்கும் தொழிலில் சீனா முன்னே போய்விட்டது. 2025 ஏப்ரலில் டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் உள்ளிட்ட 7 தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் இன்னும் தோண்டுவோம்' என்று ஒரு குரல் எழும். கடற்கரை மக்களின் அச்சத்தை ஒதுக்கிவிட்டு அந்த முடிவுக்கு வருவது தவறு என்பது என் கட்சி. சூடு அளக்க வேண்டியது மில்லிகிராம் கணக்கில்தான். ஒரு கைப்பிடிப் பொடியில் எத்தனையோ உணரிகள் செய்யலாம். அந்தக் கைப்பிடி நாம் தூக்கி எறிந்த டியூப்லைட்டுகளிலும் சி.எப்.எல். விளக்குகளிலும் இருக்கிறது. பிரான்சில் சொல்வே நிறுவனம் 2012-இல் பழைய விளக்குப் பொடியிலிருந்து அருமண்ணைப் பிரிக்கத் தொடங்கி, விலை சரிந்ததால் 2016-இல் மூடிவிட்டது. வணிகமாகத் தோற்றது, வேதியியலாகத் தோற்கவில்லை. பாதரசத்தைப் பத்திரமாகக் கையாளாமல் யாரும் வீட்டில் குழாயை உடைத்து முயல வேண்டாம். அது ஆய்வுக்கூட வேலை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் ஒளிர்பொருள் ஆய்வு நெடுநாளாக நடக்கிறது. கற்றவர்கள் இருக்கிறார்கள், தாது இருக்கிறது, அளக்க வேண்டிய சூடு இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆள்தான் இல்லை.

ஆலை நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஷட்டவுன் நாளில் இந்த வட்டாரத்து மாணவர்களை உள்ளே விடுங்கள், டபிள்யூ.டி.ஐ. எப்படிக் கணக்குப் போடுகிறது என்று உங்கள் எலக்ட்ரீஷியனே அவர்களுக்குச் சொல்லட்டும். அடுத்து, புதிய டிரான்ஸ்பார்மருக்கு டெண்டர் எழுதும்போது, வைண்டிங்கின் மிகச் சூடான இடங்களில் கண்ணாடி இழை உணரி வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். வைண்டிங் சுற்றி, டேங்கை மூடி, எண்ணெய் நிரப்பிய பிறகு அதை உள்ளே வைக்க வழி கிடையாது.